அத்தியாயம் 7: ஒளிவும் பசியும்

ஒளிந்து பிழைக்கும் வீடியோ கேம்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறைகளை ஒரு பக்கம், குறைகளை மறுபக்கம் அடுக்கி, கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது வழக்கம். வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு அது போதும். கடலூரிலோ சிதம்பரத்திலோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து, வேலை முடிந்து வந்து ஒரே லேப்டாப்பில் இப்படி ஓர் ஆட்டத்தை உருவாக்க உட்கார்ந்தால், அந்தப் பட்டியல் அவர்களைத் தவறான வழியில் இழுத்துக்கொண்டு போகும். குறையைத் தனியாகப் பார்த்து, அதை மட்டும் கிள்ளி எறியத் தோன்றும். இந்த வகை ஆட்டத்தில் குறை பெரும்பாலும் ஒரு நிறைக்குக் கொடுத்த விலை. எந்த நிறைக்கு எந்த விலை என்று கண்டுபிடிக்காமல் கை வைத்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். ஆகவே இந்த அத்தியாயத்தில் ஓர் ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்து, அதன் பலமும் பலவீனமும் எந்த இடத்தில் ஒரே வேரில் கிளைக்கின்றன என்று தேடப்போகிறோம். அந்த வேர் நிலம் என்பது என் வாதம். ஒளிந்துகொள்ளச் சொல்லும் விதியும் பசித்துத் தேடச் சொல்லும் விதியும் எதிரெதிரானவை. ஒன்று உட்கார் என்கிறது, மற்றொன்று எழுந்திரு என்கிறது. இரண்டையும் முடிச்சுப்போடுவது ஆட்டக்காரரின் காலடியில் இருக்கும் நிலம். அது வலுவாக இருந்தால் ஆட்டம் நிற்கும்.

எடுத்துக்கொள்ளும் ஆட்டம் 'சார், யூ ஆர் பீயிங் ஹண்டட்'. பிக் ரோபாட் என்ற சிறிய பிரிட்டிஷ் குழு 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தொடங்கி, 2014 மே மாதம் முழுமையாக வெளியிட்டது. கதை ஒரு வரிதான். ஓர் இயந்திரம் வெடித்துச் சிதறியதில் ஆட்டக்காரர் ஐந்து தீவுகள் கொண்ட ஒரு தீவுக்கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறார். இயந்திரத்தின் துண்டுகளை ஒவ்வொரு தீவிலும் தேடியெடுத்து, நடுத்தீவில் இருக்கும் கல்வட்டத்தில் கொண்டுவந்து சேர்த்தால் வீடு திரும்பலாம். இடையில், ட்வீட் கோட்டு அணிந்து துப்பாக்கி ஏந்திய ரோபோக்கள், இங்கிலாந்தின் பண்ணையார்கள் நரியையும் பறவையையும் வேட்டையாடுவது போல அவரை வேட்டையாடுகின்றன. வேட்டைநாய் ரோபோக்களும் உண்டு. வானில் விளக்கோடு மிதந்து தேடும் பலூன்களும் உண்டு. ஆட்டக்காரரிடம் வலிமை இல்லை. புல்லில் பதுங்கலாம், புட்டியை எறிந்து சத்தத்தை வேறு பக்கம் திருப்பலாம், பொம்மை ரயிலை ஓடவிட்டு ரோபோக்களின் கவனத்தைக் கலைக்கலாம். கூடவே பசி. வீடுகளில் கிடைப்பதைத் தின்று உயிரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதன் முதல் பலம் வேட்டைக்காரன் அந்த மண்ணுக்குச் சொந்தமானவனாக இருப்பது. ட்வீட் கோட்டும், வேலியோர வயலும், கல்வீடும், மூடுபனியும் ஒரே நாட்டின் நிலவுடைமை வரலாற்றிலிருந்து வந்தவை. யாருடைய நிலத்தில் யார் அத்துமீறி நுழைந்தவர் என்ற கேள்வியைக் கதாபாத்திரம் எவரும் வாய்திறந்து கேட்பதில்லை. ஆட்டம் முழுவதும் அந்தக் கேள்விதான் துரத்துகிறது. இரண்டாவது பலம், தீவுகளைக் கணினி ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குவது. வயல், மலை, கோட்டை, தொழிற்பகுதி, சதுப்பு என்று வகைகள் இருக்கின்றன. அந்த வகைக்குள் மேடு எங்கே, புதர் எங்கே, ஊர் எங்கே என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். யூடியூப்பில் வழி பார்த்து மனப்பாடம் செய்ய முடியாது. ஒவ்வொரு சரிவையும் நிதானமாகப் படித்துத்தான் இறங்க வேண்டும். சிறிய குழு ஒன்று ஐந்து தீவுகளைக் கையால் செதுக்குவதற்கு ஆண்டுகள் ஆகும். இந்தக் கணினி உத்தி அந்த உழைப்பை மிச்சப்படுத்தியது.

விலை கொடுத்ததும் இதே இடத்தில்தான். கணினி அடுக்கிய ஊரில் வீடுகள் வெறும் ஓடுகள். உள்ளே நுழைய முடியாது. வாசலில் நின்று கதவைத் தொட்டால் உள்ளிருக்கும் பொருள்களின் பட்டியல் திறக்கும். பத்து வீட்டுக்குப் பிறகு ஊர் என்பது பட்டியல்களின் வரிசை ஆகிவிடுகிறது. பசி எழுந்தால் ஆட்டக்காரர் ஓர் இடத்தை நினைத்துப் புறப்படுவதில்லை, கண்ணில் படும் அடுத்த கதவை நோக்கிப் போகிறார். ஒளிவதற்கு நிலம் பொருள் தருகிறது, உண்பதற்குத் தரவில்லை. விதிகள் இரண்டும் ஒரே தீவில் இருந்தும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. மூன்றாவது தீவுக்குப் போகும்போது எல்லாம் திரும்பத் திரும்ப வருவதுபோல் இருக்கிறது என்ற சலிப்பு இங்கிருந்துதான் வருகிறது. ரோபோ வகைகள் குறைவு என்றோ துப்பாக்கிகள் குறைவு என்றோ இதை விளக்குபவர்கள் நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மருந்து தருகிறார்கள். இன்னும் நான்கு வகை ரோபோவைச் சேர்த்திருந்தாலும், நினைவில் தங்காத நிலத்தில் அவை நினைவில் தங்காமல்தான் திரிந்திருக்கும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நிலம் மாறாமல் இருந்தால் இரண்டாம் முறை ஆடும்போது பயம் போய்விடாதா? தெரிந்த இடத்தில் ஒளிவதில் என்ன சவால்? பதில் பெரும்பாலோர் கையிலிருக்கும் ஃபோனிலேயே இருக்கிறது. 2017-ல் வந்த 'கிரானி' டிவிலோப்பர் என்ற பெயரில் இயங்கும் ஒருவர் வெளியிட்ட ஆட்டம். ஒரே வீடு, ஒரே கிழவி, தப்பிக்க ஐந்து நாள். வீட்டின் அறைகள் மாறுவதில்லை. சாவியும் சுத்தியலும் கிடக்கும் இடங்கள் மாறுகின்றன. எந்தப் பலகை கிரீச்சிடும், எந்தக் கட்டிலுக்கு அடியில் புகலாம் என்று ஆடுபவருக்குத் தெரியும். தெரிந்திருப்பதால் பயம் குறைவதில்லை, கூடுகிறது. கையிலிருந்து ஒரு பொருள் நழுவி விழுந்தால் அந்தச் சத்தம் கேட்டுக் கிழவி எந்தக் கதவு வழியாக வருவாள் என்று மனசுக்குள் கணக்கு ஓடத் தொடங்குகிறது. போலந்தில் மூன்று பேர் கொண்ட குழு 2017-ல் முடித்த 'டார்க்வுட்' இதே பாடத்தைப் பசியின் பக்கமிருந்து காட்டுகிறது. பகலில் காட்டுக்குள் போய்ப் பலகையும் பெட்ரோலும் தேட வேண்டும். இரவில் சன்னல்களை அடைத்து, ஜெனரேட்டர் ஓடும் வீட்டில் பதுங்க வேண்டும். பகலில் சேர்க்கத் தவறியது இரவில் இருட்டாக வந்து நிற்கும். தேடலும் ஒளிவும் அங்கே ஒரே கயிற்றின் இரு நுனி. ஆக, மாற வேண்டியது நிலத்தின் மேல் இருப்பவை. நிலம் மனசில் பதிய வேண்டும்.

வேட்டைக்காரனைப் பற்றி ஆட்டக்காரருக்கு எவ்வளவு சொல்வது என்பது அடுத்த சிக்கல். அதிகம் சொன்னால் பயம் போய்விடும் என்று புதியவர்கள் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். க்ளே என்ற கனடியக் குழு 2012-ல் வெளியிட்ட 'மார்க் ஆஃப் தி நிஞ்ஜா' அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. அதில் காலடிச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது திரையில் வட்டமாக விரியும். வட்டத்துக்குள் காவலாளி இருந்தால் மாட்டிக்கொண்டது ஆட்டக்காரரின் தவறு, ஆட்டத்தின் சதி இல்லை. தோற்றவர் கோபப்படாமல் மறுபடி முயல்வது இதனால்தான். பெரிய நிறுவனத்தின் படைப்பானாலும் 2014-ன் 'ஏலியன்: ஐசொலேஷன்' இங்கே பயன்படும். அதில் ஆட்டக்காரர் எங்கே இருக்கிறார் என்று அறிந்த ஒரு மேற்பார்வை நிரல் உண்டு. வேட்டையாடும் மிருகத்துக்கோ அது தெரியாது. மேற்பார்வை நிரல் அதற்குத் திசையை மட்டும் சாடையாகக் காட்டும், மீதியைக் கண்ணாலும் காதாலும் அதுவே தேட வேண்டும். வேட்டைக்காரன் அருகிலேயே திரிவான், ஆனால் ஏமாற்ற மாட்டான். விதியை வெளிப்படையாகவும், அது எந்த நொடி செயல்படும் என்பதை மறைவாகவும் வைத்திருங்கள். பயம் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

எல்லையை எண்ணால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது மேல் என்பதற்குக் கடலூரிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1690-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் சேரும் என்று பேசிக்கொண்டார்கள். அவை குண்டு கிராமங்கள் ஆயின. அந்த ஊர்க்காரர்களுக்கு இது பெரும் அநீதி. எந்த உரிமையில் ஒரு குண்டு ஊரை விலைபேசும் என்ற கேள்விக்கு இன்றும் பதில் இல்லை. ஆட்டம் செய்பவர் கவனிக்க வேண்டியது, ஓர் அதிகாரத்தின் வீச்சு எது வரை என்பதை ஒரே ஒரு சத்தமும் புகையும் எல்லோருக்கும் புரியவைத்த விதம். முதல் காட்சியிலேயே வேட்டைக்காரனின் துப்பாக்கி வேறு எதையோ நோக்கி ஒருமுறை சுடட்டும். குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்தவருக்கு எந்த விளக்கக் குறிப்பும் தேவைப்படாது.

ஒளிவும் பசியும் ஒரே நிலத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்வதற்கு வரலாற்றில் எடுத்துக்காட்டு தேடினாலும் இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1781 ஜூன் மாதம் கம்பெனித் தளபதி அயர் கூட்டின் படை கடலூர்ப் பக்கம் ஹைதர் அலியின் குதிரைப்படைக்கு நடுவே சிக்கியிருந்தது. அரிசி தட்டுப்பாடு. சுமக்க மாடுகளும் போதவில்லை. ஹைதரின் ஆட்கள் தானியம் சேர்த்து அரணாக்கியிருந்த சிதம்பரம் கோயிலை அவர் ஜூன் 18 அன்று தாக்கித் தோற்றார். பசி அவரைக் கப்பல்கள் வரக்கூடிய பரங்கிப்பேட்டைக் கரைக்குத் தள்ளியது. ஜூலை 1 அன்று 8,000-க்குச் சற்று மேற்பட்ட ஆட்களோடு, எண்ணிக்கையில் தம்மைவிடப் பன்மடங்கு பெரிய சேனையை எதிர்கொண்டபோது அவருக்குக் கைகொடுத்தது கடலோர மணல்மேடு. மேட்டின் மறைவில் படையின் ஒரு பகுதியை நகர்த்தி ஹைதரின் அணியைப் பக்கவாட்டில் சுற்றி வளைத்தார். கோயில் மதில், களஞ்சியம், கழிமுகம், மணல்மேடு எல்லாம் ஒரு நாள் நடைத் தூரத்துக்குள் இருக்கின்றன. எந்த இடத்துக்குப் போவது என்பதைப் பசி முடிவு செய்தது, எப்படிப் போவது என்பதை மறைவு முடிவு செய்தது. இரண்டு படைகளுக்கு நடுவே சிக்கிய பரங்கிப்பேட்டை நெசவாளியின் கண்ணால் இதைப் பார்த்தால் ஆட்டத்தின் எலும்புக்கூடு முழுதாகத் தெரியும். தளபதிகளின் கண்ணால் பார்த்தால் அது இன்னொரு போர் ஆட்டமாகத்தான் முடியும்.

இனி பிச்சாவரம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளைக்கு அருகில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் ஏறக்குறைய 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கும் அலையாத்திக் காடு. 'இதயக்கனி' 1975-லும் 'துப்பறிவாளன்' 2017-லும் இங்கே படமாக்கப்பட்டன. சினிமாவுக்கு இது அழகான பின்னணி. ஆட்டத்துக்கு இது விதிகளின் தொகுப்பு. சுரபுன்னையின் விழுதுபோன்ற தாங்குவேர்கள் பார்வையைத் துண்டு துண்டாக நறுக்கும். வேருக்குப் பின்னால் இருப்பவர் தெரிவார், அசைந்தால் இன்னும் நன்றாகத் தெரிவார், அசையாமல் இருந்தால் வேரோடு வேராகிவிடுவார். வெண்கண்டல் நிற்கும் சேற்றில் மூச்சுவேர்கள் முளைபோல் குத்திட்டு நிற்பதால் ஓட முடியாது. வாய்க்கால்களின் ஆழம் ஓரிடத்தில் முழங்காலுக்கும் கீழே, ஓரிடத்தில் ஆளை மூழ்கடிக்கும். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் எரிச்சலும் தற்காலிகப் பார்வையிழப்பும் வரும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமே பார்வையைப் பறிக்கும் மரம். பார்ப்பதும் பார்க்கப்படுவதுமே உயிராக இருக்கும் ஓர் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதியை யாராலும் கற்பனை செய்ய முடியாது. கிளையை ஒடித்து மறைவு தேடுகிறவர் எந்த மரத்தின் கிளை என்று தெரிந்து ஒடிக்க வேண்டியிருக்கும்.

நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல்நீர், கணினி உத்தி செய்துகொண்டிருந்த வேலையைத் தானே செய்துவிடும். தமிழகக் கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பொதுவாக ஒரு மீட்டரைத் தாண்டாது. அவ்வளவு சிறிய மாற்றம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். மலையடிவாரத்தில் ஒன்றும் செய்யாது. தட்டையான சதுப்பில் முழங்கால் அளவு நீர் கூடினால் படகு போகாத வாய்க்கால் படகுவழியாகும், நடந்த சேற்றுமேடு மறையும், காலடித் தடம் அழியும். நீர் வற்றினால் நண்டும் மட்டியும் எடுக்கலாம், ஆனால் திறந்த சேற்றில் நடந்து போக வேண்டும், தடம் பதியும். உணவு கிடைக்கும் நேரமே மறைவு குறையும் நேரம். முன்னே சொன்ன இரு விதிகளும் இங்கே ஒரே நீரில் கலந்துவிடுகின்றன. வரைபடம் மாறுவதில்லை, ஆட்டக்காரரின் நினைவில் தங்குகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் பொருள் மட்டும் மாறுகிறது. ஆட்டத்தில் அதைப் பத்து நிமிடமாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். பிச்சாவரத்து நீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களை மர்மமான காட்டுவாசிகளாகவோ வேட்டைக்காரனுக்கு வழிகாட்டும் கூட்டமாகவோ வரைவது பொய், அதோடு கேடு. அந்தத் துழாவும் திறமையை ஆட்டக்காரர் யாரிடமாவது கற்றுக்கொள்ளும்படி வையுங்கள். அதற்குமுன் நீங்களே போய், கேட்டு, அனுமதி பெற்று, உழைப்புக்குக் கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றொன்று, 2004 டிசம்பர் 26-ன் அலையை உச்சக்காட்சியாக வைக்கும் ஆசை. இந்தக் கரையில் அதில் பிள்ளைகளை இழந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அதை வெற்றி தோல்விக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள்.

உள்ளூர்க் கழியை வெளியூரில் யார் வாங்குவார்கள் என்பது அடுத்த மறுப்பு. டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா' கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைப் பற்றியது. 2024-ல் சுயாதீன ஆட்டங்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதும் பெற்றது. தமிழ் என்பதற்காக மட்டும் அந்த வெற்றி கிடைத்துவிடவில்லை. இட்லித் தட்டுகளை எந்த வாகில் அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதே அங்கே ஆடுபவர் தீர்க்க வேண்டிய புதிராக இருக்கிறது. ஊர் விவரம் சுவரில் மாட்டிய படமாக நிற்கவில்லை, விதியாக இறங்கியிருக்கிறது. சுரபுன்னை வேரும் அப்படி இறங்கினால்தான் பயன். கோபுரத்தைப் பின்னணியில் வரைந்துவிட்டு முன்னே எங்கும் கிடைக்கும் கிடங்கையும் பெட்டிகளையும் வைத்தால், உள்ளூர்க்காரருக்கே அது அந்நியமாக இருக்கும்.

சேமிப்பு விதி சிறியதாகத் தோன்றும், பலர் ஆட்டத்தைக் கைவிடுவது அங்கேதான். 'சார்' ஆட்டத்தில் படகிலும் கல்வட்டத்திலும் மட்டுமே சேமிக்கலாம். ஒவ்வொரு அடியும் கனமாவது அதனால். மேசையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆடுபவருக்கு அது சரி. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஃபோனில் ஆடுபவர் இடையில் இறங்க வேண்டியிருக்கும். விட்ட இடத்தில் தொடரும் தற்காலிகச் சேமிப்பைக் கொடுங்கள். திறந்ததும் அது அழிந்துவிடட்டும். பயமும் குறையாது, வாழ்க்கையும் தடைப்படாது. அதே பஸ்ஸில் சன்னலோர வெயிலில் இருட்டுக் காட்சி ஒன்றுமே தெரியாது. ஆகவே மறைவை இருளால் மட்டும் சொல்லாதீர்கள். வேர், புல், மூடுபனி, நீர்மட்டம் என்று வடிவத்தாலும் சொல்லுங்கள். ஸ்டீமில் விற்பதானால், வாங்கிய 14 நாளுக்குள் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். முதல் ஏற்றமும் முதல் வற்றமும் முதல் பசியும் அந்த நேரத்துக்குள் வந்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் படம் வரைவதற்கு முன்பே சோதிக்கலாம். சாம்பல் நிறக் கட்டைகளால் ஒரு வாய்க்கால், இரண்டு மேடு, ஒரு குடிசை, ஒரு வேட்டைக்காரன், ஏறி இறங்கும் நீர் இவ்வளவு போதும். யூனிட்டியோ கோடோவோ, தெரிந்த கருவியில் செய்யுங்கள். உங்கள் குழுவில் இல்லாத ஐந்து பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து இருபது நிமிடம் ஆடவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள். முடிந்ததும் கணினியை மூடிவிட்டு, வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, ஆடிய இடத்தை வரையச் சொல்லுங்கள். பசித்தபோது எங்கே போனார்கள், ஏன் அங்கே, நீர் அப்போது எந்த நிலையில் இருந்தது என்று தாளிலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஐந்து தாள்களையும் மேசையில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எல்லாத் தாளிலும் வெறுமையாக விடப்பட்ட இடம் ஒன்று இருக்கும். அடுத்த வார வேலையை அந்த இடத்தில் தொடங்குங்கள்.